இரண்டு பெயின்ட் ஷேடில் எது? சுவரில் ஏற்றுவதற்கு முன் பார்க்கும் முறை

ஷேட் கார்டை (பெயின்ட் நிறங்களைக் காட்டும் மாதிரி அட்டை) வைத்து வேண்டாததைக் கழிக்கலாம், வேண்டியதை முடிவு செய்ய முடியாது. நான்கு சுவரிலும் ஏறியதும் ஒரு சுவரின் ஒளி இன்னொன்றில் பட்டுத் திரும்புவதால், கார்டில் பார்த்ததைவிட நிறம் அழுத்தமாகத் தெரியும். தயக்கம் தீரவில்லையா? வெளிர் ஷேடையே எடுங்கள்.

முதலில் சாயல். இரண்டு கார்டுகளையும் வெள்ளைத் தாளின்மேல் அருகருகே வையுங்கள். தனியாக வெறும் சாம்பலாகத் தெரிந்தது இப்போது நீலமோ பச்சையோ அடிக்கும். எல்.ஆர்.வி. எண் (நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்ற அளவு) கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள்: 0 கறுப்பு, 100 வெள்ளை. ஒன்று 70, மற்றது 55 என்றால் அறையின் வெளிச்சமே மாறும். இரண்டு மூன்று எண்தான் வித்தியாசம் என்றால் சாயலை மட்டும் கவனித்தால் போதும்.

அடுத்து சாம்பிள் டப்பா, அதாவது அடித்துப் பார்க்க வாங்கும் சிறிய பெயின்ட் டப்பா. சுவரில் நேராக அடிக்காதீர்கள். பழைய நிறம் கண்ணைக் குழப்பும். அந்தத் திட்டின் விளிம்பு பிற்பாடு புதுப் பெயின்ட்டுக்கு அடியிலும் தடித்துத் தெரியும். இரண்டடிக்கு இரண்டடி அட்டை இரண்டு எடுத்து, வெள்ளை ப்ரைமர் ஒரு கோட், மேலே ரோலரால் இரண்டு கோட், விளிம்புவரை. கோட்டுகளுக்கு இடையே டப்பாவில் போட்டிருக்கும் நேரம் விடுங்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்த சுவர் பெயின்ட்) காய்ந்தால் பெரும்பாலும் சற்றுக் கருக்கும், அதனால் மறுநாள்தான் பார்க்க வேண்டும். ஒன்று மேட் (பளபளப்பில்லாத ஃபினிஷ்), மற்றது சாட்டின் (லேசாகப் பளபளக்கும் ஃபினிஷ்) என்று வாங்கினால் ஒப்பீடே வீண்.

அட்டையைத் தரையில் கிடத்தாமல் சுவரோடு செங்குத்தாக நிறுத்துங்கள்: சன்னல் உள்ள சுவர், அதன் எதிர்ச்சுவர், ஒரு மூலை. சன்னல் சுவரில் எந்த நிறமும் மங்கித்தான் தெரியும். தரை சிவப்பு என்றால் முழங்கால் உயரத்திலும் வைத்துப் பாருங்கள், இளஞ்சிவப்பு ஏறியிருக்கும். இங்கே இரண்டு அட்டைகளையும் அருகருகே வைக்கக் கூடாது. சாயலைக் கண்டுபிடிக்க உதவிய அதே நெருக்கம் இப்போது ஏமாற்றும். பீஜ் பக்கத்தில் சாதாரணச் சாம்பல்கூட நீலமாகிவிடும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வையுங்கள்.

காலை, நண்பகல், விளக்கு போட்ட பிறகு என மூன்று வேளையும் பாருங்கள். 2700 கெல்வின் (மஞ்சள் ஒளி) பல்பு மஞ்சளைக் கூட்டி நீலச் சாயலை அமுக்கும். 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை ஒளி) விளக்கில் க்ரீம் வெளிறிப்போகும். பகலில் ஒன்றுபோல் இருந்த ஷேடுகள் இரவில் பிரிவதும் உண்டு. படுக்கையறைக்கு இரவுத் தோற்றமே முக்கியம். விளக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முதலில் மாற்றிவிடுங்கள்.

தேர்ந்ததும் ஷேட் எண்ணையும் ஃபினிஷையும் அட்டையின் பின்னால் எழுதி வையுங்கள். திரைச்சீலை எடுக்கப் போகும்போது கையோடு கொண்டுபோகலாம்.