மாதிரி ரயில் எஞ்சினின் சத்தத்தைக் கொண்டு பழுதைக் கண்டறிவது எப்படி

மாதிரி ரயில் எஞ்சினில் வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டவுடன் பலரும் முதலில் தேடுவது எண்ணெய்ப் புட்டியைத்தான். தேவையில்லாத இடத்தில் விட்ட எண்ணெய், மோட்டாரின் கம்யூட்டேட்டரில் (கார்பன் பிரஷ் உரசி மின்சாரம் செலுத்தும் சுழல் பகுதியில்) இறங்கி, கார்பன் பிரஷ்ஷிலிருந்து உதிரும் தூளோடு கலந்து கருஞ்சேறாகி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரையும் கெடுத்துவிடும். சென்னையில் இருந்துகொண்டு இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுகிறவர்களுக்கு உதிரி பாகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பதால், கேட்டுப் பழுதைக் கண்டுபிடிப்பது முதலிலும் திருப்புளியை எடுப்பது அதற்குப் பிறகும் இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

சோதிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தெரு அடங்கிய இரவு நேரம் இதற்கு மிகவும் ஏற்றது. அதே தண்டவாளத்தில் வேறொரு எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் அதே இடத்தில் சத்தமிட்டால் குறை தண்டவாள இணைப்பில் இருக்கிறது. பாதை பிரியும் பாயின்ட்டுகளில் மட்டும் ஒரு குறிப்பிட்ட எஞ்சின் ‘டக்’ என்று தட்டினால், அதன் சக்கரங்களுக்கு இடையே உள்ள உட்புற இடைவெளியை அளக்க வேண்டும். 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும் எச்.ஓ. அளவு (அசலில் 87இல் ஒரு பங்கு) எஞ்சின்களுக்கு இந்த இடைவெளி ஏறத்தாழ 14.4 மி.மீ. இருக்க வேண்டும்.

அடுத்ததாக மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். மோட்டாரின் இரு முனைகளில் 9 வோல்ட் பேட்டரி ஒன்றை நேரடியாக இணைத்துப் பாருங்கள். டிகோடர் (தண்டவாளம் வழியாக வரும் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சிறு மின்னணுப் பலகை) பொருத்திய எஞ்சினாக இருந்தால், மோட்டாருக்குச் செல்லும் கம்பிகளை டிகோடரிலிருந்து பிரித்த பிறகே இதைச் செய்ய வேண்டும். பேட்டரியில் ஓடும்போது ரீங்காரம் மறைந்துவிட்டால் எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சரியாக வடிகட்டப்படாத பழைய அடாப்டர் 100 ஹெர்ட்ஸ் அதிர்வை மோட்டாருக்குள் அனுப்பும். அது அடித்தொண்டையில் முனகுவது போலக் கேட்கும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி ஆர்டுயினோ (நாமே நிரலெழுதிப் பயன்படுத்தும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை) கொண்டு தாமே வேகக் கட்டுப்பாட்டுக் கருவி செய்துகொள்பவர்கள் சந்திப்பது வேறொரு சத்தம். ஆர்டுயினோ ஊனோவின் பெரும்பாலான இணைப்புக் கால்களில் பி.டபிள்யூ.எம். துடிப்பு (மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்துவது), நாம் மாற்றாத வரையில், 490 ஹெர்ட்ஸில்தான் இருக்கும். அது காதுக்கு நன்றாகக் கேட்கும் ஒலி என்பதால் மெதுவான ஓட்டத்தில் மோட்டார் வீணைத் தந்தியைப் போல இசைக்கும். 9, 10 ஆகிய கால்களை இயக்கும் டைமரின் அமைப்பை மாற்றினால் துடிப்பை 31 கிலோஹெர்ட்ஸுக்கு, அதாவது மனிதக் காதுக்கு எட்டாத உயரத்துக்கு, கொண்டுபோகலாம். ஆனால் அவ்வளவு வேகமான துடிப்பை மோட்டாருக்கு மின்சாரம் தரும் உங்கள் டிரைவர் பலகை தாங்குமா என்று அதன் விவரத்தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். மிகக் குறைந்த வேகத்தில் இழுவிசை சற்றுக் குறைவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். டிகோடர் இல்லாத சாதாரண எஞ்சினை டி.சி.சி. (டிஜிட்டல் கட்டளைகளால் எஞ்சின்களை இயக்கும் முறை) தண்டவாளத்தில் நிறுத்தினால் அது நின்றபடியே இரைவதற்கும் காரணம் மின்சாரத்தின் தன்மைதான். அப்படி வெகுநேரம் நிறுத்தினால் மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும்.

மின்சாரத்தில் குறையில்லை என்றால் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால், கூடு எங்கோ உரசுகிறது, அல்லது தளர்ந்த பாகம் ஒன்று அதிர்கிறது, அல்லது கம்பி ஒன்று ஃப்ளைவீலில் (மோட்டார் தண்டில் சுழலும் எடைச் சக்கரத்தில்) படுகிறது என்று பொருள். கம்பியை ஒதுக்கிச் சிறிய நாடாவால் ஒட்டினால் போதும். ஒலி டிகோடர் உள்ள எஞ்சின் கரகரத்தால் முதலில் ஒலியளவை முழுவதும் குறைத்துப் பாருங்கள்; ஸ்பீக்கர் பெட்டியில் சிறு இடுக்கு இருந்தாலும் அது பல்சக்கரத்தின் குறையைப் போலவே காதை ஏமாற்றும்.

இவற்றையெல்லாம் விலக்கிய பிறகு எஞ்சியிருப்பது இயந்திரக் கோளாறு. இங்கே சத்தத்தின் தன்மையைவிட அதன் தாளம் அதிகம் சொல்லும். பெரிய ரயில் நிலையங்களில் வண்டி நடைமேடைக்குள் நுழையும்போது, பாதையோரம் நின்று சக்கரங்களைப் பார்த்தும் கேட்டும் சோதிக்கும் பணியாளர்களைக் கவனித்திருப்பீர்கள். சக்கரத்தில் தட்டையான இடம் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அது தட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் எஞ்சினுக்கும் அதே கணக்குதான். இந்திய ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சினின் சக்கர விட்டம் 1,092 மி.மீ.; 87இல் ஒரு பங்கு என்ற அளவில் அது 12.5 மி.மீ. ஆகிறது, அதன் சுற்றளவு சுமார் 39 மி.மீ. ஒரு சக்கரத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்றை வைத்து மிக மெதுவாக ஓட்டுங்கள். புள்ளி கீழே வரும்போதெல்லாம் ஒருமுறை தட்டினால் குறை சக்கரத்திலோ அதன் அச்சிலுள்ள பல்சக்கரத்திலோ இருக்கிறது. ஒரே புள்ளிச் சுற்றுக்குள் பத்துப் பதினைந்து முறை தட்டினால் குறை மோட்டார் பக்கத்தில் இருக்கிறது; ஏனென்றால் மோட்டார் சுழற்றும் ஒற்றைப் புரி வார்ம் (திருகு போன்ற பல்சக்கரம்) ஒருமுறை சுற்றினால் அதனோடு சேர்ந்த கியர் ஒரு பல் மட்டுமே நகரும், 14 பல் கொண்ட கியர் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற மோட்டார் 14 முறை சுழல வேண்டும்.

சுற்றுக்கு ஒருமுறை கேட்கும் தட்டல் மந்தமாக இருந்தால், சக்கர விளிம்பில் ஒட்டிய அழுக்கும் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் மாட்டிய ரப்பர் வளையத்தின் கிழிசலும்தான் முதல் சந்தேகம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் சக்கரத்தைத் துடைத்து, பழுதான வளையத்தை மாற்றினால் சரியாகிவிடும். தட்டல் கூர்மையாக, ‘டிக்’ என்று கேட்டால், அச்சுப் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலோக அச்சின் மேல் இறுக்கமாக ஏற்றப்பட்ட பிளாஸ்டிக், ஆண்டுக்கணக்கில் அந்த இழுவிசையைத் தாங்கியிருந்து ஒரு நாள் பிளந்துகொள்ளும். பிளந்த இடத்தில் இரு பற்களுக்கு இடையிலான பள்ளம் விரிந்துவிடுவதால், அந்த இடம் வரும்போதெல்லாம் அடுத்த சக்கரத்தின் பல் ஏறி விழுகிறது. போகியின் (சக்கர அச்சுகளைத் தாங்கும் அடிச்சட்டத்தின்) அடிமூடியைத் திறந்து, ஒவ்வொரு அச்சையும் விரலால் உருட்டிக்கொண்டே லென்ஸ் வைத்துப் பார்த்தால் முடி அளவு விரிசலும் தெரியும். கூடவே பற்களில் சுற்றிக்கொண்ட தலைமுடி, பாய் நார் போன்றவையும் அகப்படும். விரிசலைப் பசையால் ஒட்ட முயலாதீர்கள். இந்தச் சக்கரங்கள் பெரும்பாலும் அசிட்டால் அல்லது நைலானால் ஆனவை. அவற்றில் சாதாரணப் பசைகள் நிலைக்காது, நிலைத்தாலும் பிளக்கச் செய்த இறுக்கம் அப்படியே இருக்கும். மாற்றுச் சக்கரம் ஒன்றே வழி. வாங்குவதற்கு முன் பற்களை எண்ணி, வெளி விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, அந்த விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டிய தொகையால் வகுத்தால் அதன் மாட்யூல், அதாவது பல்லின் அளவைக் குறிக்கும் எண், கிடைக்கும். 14 பல்லும் 6.4 மி.மீ. விட்டமும் இருந்தால் அது 0.4 மாட்யூல். பொம்மை மோட்டார்களோடு விற்கும் 0.5 மாட்யூல் சக்கரம் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இதனோடு பொருந்தாது.

மோட்டார் பக்கத்துச் சத்தங்களில் கீச்சிடல்தான் மிகச் சாதாரணம். உலர்ந்த பேரிங்கே பெரும்பாலும் அதற்குக் காரணம். மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை மோட்டாரின் இரு கோடிகளிலும் நகர்த்தினால் எந்தப் பேரிங் என்று தெரிந்துவிடும். ஊசி நுனியில் தங்கும் அளவு எண்ணெய் மட்டும் அங்கே போதும். சில நாட்களிலேயே கீச்சொலி திரும்பினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, மோட்டாரை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஒரு திசையில் அமைதியாக ஓடி, மறுதிசையிலோ இறக்கத்திலோ மட்டும் உறுமும் எஞ்சினில் வார்ம் தண்டு முன்னும் பின்னும் நகர்கிறது என்று பொருள். அதன் இரு முனைகளிலும் உள்ள மெல்லிய வாஷர்கள் தேய்ந்திருக்கும், அல்லது முன்பு கழற்றியவர் திரும்பப் போடாமல் விட்டிருப்பார். புது வாஷர் சேர்த்து அசைவைக் குறைக்க வேண்டும். முழுவதும் இறுக்கிவிடாமல், விரலால் தள்ளினால் மிகச் சிறிதளவு நகரும்படி விட்டுவைக்க வேண்டும். வேகம் கூடும்போது மட்டும் எஞ்சின் முழுவதும் அதிர்ந்தால், மோட்டாருக்கும் போகிக்கும் நடுவிலுள்ள கார்டன் இணைப்புகளையும் (வளைந்து கொடுத்தபடி சுழற்சியைக் கடத்தும் தண்டுகள்), மோட்டாரைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் இறுகிக் கல்லாகிவிட்டனவா என்பதையும் பாருங்கள்.

மசகு விஷயத்தில் நம் ஊரின் வெப்பத்தை மறக்கக் கூடாது. மொட்டை மாடி அறையின் பரணில் வைத்த எஞ்சினில், கத்திரி வெயில் காலத்தில் கிரீஸிலுள்ள எண்ணெய் பிரிந்து ஒழுகிவிட, மெழுகு போன்ற சக்கை மட்டும் பற்களில் தங்கும். அப்படிப்பட்ட பல்சக்கரங்களைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவமும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே புதிய கிரீஸ் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்குத் தீங்கு செய்யாதது என்று குறிப்பிட்ட வெள்ளை கிரீஸைப் பற்களில் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். பேரிங்குகளுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஏற்றது. முதலில் உடைந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் விட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலும் தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் கூட்டையே கரைக்கக்கூடியவை, அவற்றை அருகிலும் கொண்டுவர வேண்டாம்.

பழுது நீங்கிய பின் பெட்டிகளை இணைக்காமல் இரு திசைகளிலும் அரை மணி நேரம் நடுத்தர வேகத்தில் ஓட்டி, மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் எங்கோ இறுக்கம் மிச்சமிருக்கிறது. வெளியே கசிந்த எண்ணெயைப் பஞ்சால் ஒற்றியெடுத்துவிட்டு, அந்த ஓட்டத்தின் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, எஞ்சினின் பெயரும் தேதியும் இட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சந்தேகம் எழும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுவே உதவும்.