இண்டக்‌ஷன் அடுப்பில் பொங்கிய பித்தளைச் சொம்பு

தங்கை ஜெர்மனியில் படிக்கிறாள். ராயபுரத்திலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பித்தளைச் சொம்பு, அங்கே இண்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஏறவில்லை. காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் வேலைக்காகாது. போன பொங்கலன்று போனில் அழுதேவிட்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது.

இந்த முறை இங்கேயே செய்து பார்த்தேன். காந்தம் ஒட்டும் அகலமான வாணலி, அதற்குள் அடி தட்டையான சொம்பு, மிதமான சூடு. நேரம் பிடித்தது, ஆனால் பால் பொங்கியது! வழிந்த பாலும் வாணலிக்குள்ளேயே நின்றது, அடுப்பில் ஒரு சொட்டு இல்லை.

அப்புறம் நேரம். ஜனவரியில் ஜெர்மனி நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அங்கே விடியவே 8 மணி ஆகும். நல்ல நேரம் பார்க்கும் அம்மா, அவளுக்காக மதியம் 1 மணிக்குப் பானை வைத்தார். அங்கே தங்கையும் இதே மாதிரி சொம்பை வைத்தாள். வீடியோ காலில் பானையும் சொம்பும் பொங்க, அம்மா போட்ட "பொங்கலோ பொங்கல்" சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அத்தையே ஓடி வந்துவிட்டார்.