மலைப்பூண்டு வீட்டிலிருந்து வேளாண் வணிகப் படிப்புக்கு: வேலையிலிருந்து பின்னோக்கித் திட்டமிடும் முறை

என் தங்கை இப்போது பெரியகுளத்தில் தோட்டக்கலை படிக்கிறாள். அவளுக்கு எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, படித்த பிறகு என்ன என்று தேடித் திரட்டிய வேலை என்னுடையது. அதிலிருந்து மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறை என்று கொடைக்கானல் மேல்மலை முழுக்க யார் வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருந்தாலும் என்னிடம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதிவைக்கிறேன். விண்ணப்பத்தில் புகைப்படம் ஏற்றுவது, கட்டணம் செலுத்துவது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் படி: வீட்டுக் கணக்கை எடுங்கள்

கல்லூரிப் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால், அப்பாவின் சட்டைப்பையில் கசங்கிக் கிடக்கும் மண்டிச் சீட்டை எடுங்கள். எங்கள் பக்கத்துப் பூண்டு தேனி மாவட்டத்து வடுகப்பட்டிச் சந்தைக்குப் போகிறது. சீட்டின் மேல்பகுதியில் எடையும் விலையும் இருக்கும். கீழ்ப்பகுதியில் கமிஷன், லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு என்று வரிசையாகக் கழிவுகள் இருக்கும். முன்பணம் வாங்கியிருந்தால் அதுவும் அங்கேயே கழிந்துவிடும்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டு. 500 கிலோ பூண்டு, கிலோ 200 ரூபாய் என்றால் ஒரு லட்சம். கமிஷன் 10,000, லாரி 2,500, கூலி 1,000, சாக்கு 500 என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 86,000. அதாவது கிலோவுக்கு 172 ரூபாய். இன்னும் விதைப்பூண்டு, உரம், களை எடுத்த கூலி எதையும் கழிக்கவில்லை. ஒரு போகத்துச் சீட்டுகளை முழுவதுமாக இப்படிப் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கில் உங்களுக்கு எங்கே ஆர்வம் பிறக்கிறது என்பதைக் கவனியுங்கள். "விளைச்சலைக் கூட்டினால் என்ன?" என்று மனம் போனால் உங்களுக்கு வேளாண்மையோ தோட்டக்கலையோ பொருந்தும். "இந்தக் கமிஷன் ஏன் இவ்வளவு? நாமே தரம் பிரித்து நேரடியாக விற்றால் என்ன?" என்று போனால் வணிக மேலாண்மை. "பூண்டைப் பொடியாக்கி விற்கலாமே" என்று தோன்றினால் உணவுத் தொழில்நுட்பம்.

இதற்குக் கைபேசிச் செயலி எதுவும் வேண்டாம். நீளமான கணக்கு நோட்டும் பேனாவும் போதும். எக்செல் அவசியம் கற்க வேண்டியதுதான், ஆனால் கையால் ஒருமுறை கூட்டிக் கழித்தவருக்குத்தான் எந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடும். வெளியூர்ச் சந்தை விலையை ஒப்பிட்டுப் பார்க்க மத்திய அரசின் அக்மார்க்நெட் இணையதளம் நல்லது. வாட்ஸ்அப்பில் சுற்றும் விலைப்பட்டியலை நான் நம்புவதில்லை.

இரண்டாம் படி: பட்டத்தின் பெயர்

இந்த இடத்தில்தான் நாங்கள் நெடுநாள் சிக்கி நின்றோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேளாண்மை, தோட்டக்கலை, வேளாண் வணிக மேலாண்மை மூன்றுமே நான்காண்டுப் பட்டங்கள்தான். ஆனால் அரசுப் பணி அறிவிக்கையில் பட்டத்தின் பெயரையே குறிப்பிட்டுக் கேட்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வில் வேளாண்மை அலுவலர் பணிக்கு வேளாண்மைப் பட்டம் வேண்டும், தோட்டக்கலை அலுவலர் பணிக்குத் தோட்டக்கலைப் பட்டம் வேண்டும். வேளாண் வணிக மேலாண்மை படித்தவர் இரண்டுக்கும் போக முடியாது. அதே பட்டம் வங்கி வேலைக்குச் செல்லும். ஐ.பி.பி.எஸ். தேர்வின் வேளாண் கள அலுவலர் பணிக்கான தகுதிப் பட்டியலில் வேளாண் வணிக மேலாண்மையும் இருக்கிறது, உணவுத் தொழில்நுட்பமும் இருக்கிறது.

மலைக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம் ஊருக்கு வரும் அதிகாரி பெரும்பாலும் தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறையைச் சேர்ந்தவர். பூண்டு, கேரட், உருளை, காப்பி, மிளகு, பேரிக்காய் என்று கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளைவதெல்லாம் அந்தத் துறைக்குள் வருபவை. அரசு வேலை, வங்கி, சொந்தத் தொழில் மூன்று கதவும் திறந்திருக்க வேண்டும், வேலையும் மலையிலேயே அமைய வேண்டும் என்று நினைப்பவருக்குத் தோட்டக்கலைதான் என் தேர்வு. வணிகத்தை அதன்மேல் முதுநிலையில் சேர்த்துக்கொள்ளலாம். அரசு வேலையில் நாட்டமே இல்லை, கம்பெனியோ சொந்த வியாபாரமோ என்று உறுதியாக இருப்பவர் நேராக வேளாண் வணிக மேலாண்மைக்கே போகலாம்.

செய்ய வேண்டியது இதுதான். உங்களுக்குப் பிடித்த மூன்று வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கடைசியாக வந்த அறிவிக்கையைப் பதிவிறக்கிக் கல்வித் தகுதிப் பத்தியை எழுத்துக்கு எழுத்து நோட்டில் படியெடுங்கள். மூன்றிலும் பொதுவாக வரும் பட்டம் எதுவோ, அதையே முதல் விருப்பமாக வையுங்கள். யூடியூப் விளக்கங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மூல அறிவிக்கையைப் படியுங்கள்.

தனியார் கல்லூரி என்றால், அது கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இணைந்ததா, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதைப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

மூன்றாம் படி: பதினொன்றில் எந்தப் பிரிவு?

பெயரில் "வணிகம்" இருக்கிறதே என்று வணிகவியல் பிரிவு எடுத்துவிடாதீர்கள். கோவைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் வணிக மேலாண்மைப் படிப்புக்கும் அறிவியல் பாடங்கள்தான் தகுதி. உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவு கிடைத்தால் எல்லா வாசலும் திறந்திருக்கும். வேளாண் பொறியியலுக்குக் கணிதம் கட்டாயம். தொழிற்கல்வியில் வேளாண்மை படித்தவர்களுக்கு என்று தனி இடங்களும் உண்டு.

நான்காம் படி: இரண்டு வாசல்

ஒன்று, கோவைப் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வு. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. நீட் வேண்டாம். 2021 சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. மலையில் மிஷன் பள்ளிகள் அதிகம் என்பதால் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இந்த ஒதுக்கீட்டில் சேரும்.

இன்னொன்று, கியூட் (CUET) என்னும் அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வு. மாநில வேளாண் பல்கலைக்கழகங்களில் 20 சதவீத இடங்கள் இதன் மூலம் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகின்றன. வெளிமாநிலத்தில் சேர்ந்தால் தேசியத் திறன் உதவித்தொகையும் கிடைக்கும். இதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவுக்கு வெகு முன்னரே முடிந்துவிடுகிறது. மதிப்பெண் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வாசல் அடைபட்டுப்போகும்.

விண்ணப்பத்தை எங்கே போட்டாலும் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்குக் கணினி மையத்தில் அவர்களுடைய எண்ணையே போட்டுவிட்டார்கள். கல்லூரி விருப்பப் பதிவு நாளில் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குப் போனது. மையமோ மலைக்குக் கீழே. மேல்மலையில் சிக்னல் நம்பிக்கைக்குரியது அல்ல, ஆகவே விருப்பப் பதிவு நாட்களில் கொடைக்கானலிலோ வத்தலக்குண்டிலோ உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: சான்றிதழ்கள்

சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் ஆள் என்றால் முதல் பட்டதாரிச் சான்று. பழங்குடியினர் சான்றை வட்டாட்சியர் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். விசாரணைக்கு நாளாகும். பளியர் குடும்பத்துப் பிள்ளைகள் பதினொன்றிலேயே மனுக் கொடுத்துவிடுங்கள். ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: அந்தப் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: நான்கு ஆண்டும் அதற்குப் பிறகும்

விடுமுறையில் ஊருக்கு வரும்போது தடியன்குடிசை, கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களுக்குப் போய்ப் பேசுங்கள். கடைசி ஆண்டில் வரும் கிராமப்புற வேளாண் பணி அனுபவத்தைச் சடங்காக முடிக்காதீர்கள். எந்த விவசாயி யாரிடம் விற்கிறார், ஏன் அவரிடமே விற்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.

முதுநிலைக்கு ஐதராபாத்திலுள்ள மேனேஜ் (தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம்) நிறுவனத்தில் 1996 முதல் வேளாண் வணிகப் பட்டயம் நடக்கிறது. வேளாண் சார்ந்த பட்டம் இருப்பவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். தேயிலை, காப்பி நாட்டம் உள்ளவர்களுக்குப் பெங்களூரில் இந்தியத் தோட்ட மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. கூட்டுறவில் ஆர்வம் இருந்தால் வெண்மைப் புரட்சியின் தந்தை குரியன் 1979-இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய இர்மா என்னும் ஊரக மேலாண்மை நிறுவனம். அங்கே எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம்.

சொந்தத் தொழிலுக்கு 2002-இல் தொடங்கிய வேளாண் மருத்துவமனை (பயிர் ஆலோசனை மையம்), வேளாண் வணிக மையத் திட்டம் இருக்கிறது. 45 நாள் பயிற்சி. வங்கிக் கடனில் பொதுப் பிரிவினருக்கு 36 சதவீதமும் பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 44 சதவீதமும் மானியம். விவசாயிகளே உறுப்பினராகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்க, 2020 திட்டப்படி சமவெளியில் 300 உறுப்பினர் வேண்டும், மலையில் 100 பேர் போதும். அதன் தலைமைச் செயல் அலுவலர் வேலை நம் பிள்ளைகளுக்காகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பெயரைப் போட்டு விற்க விவசாயி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு, தரம் பிரித்தல், பொட்டலம், வாங்குபவரைத் தேடுதல் எல்லாம் படித்த ஒருவர் ஊரில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைகள்.

பின்சேர்க்கை 1: தாண்டிக்குடியிலிருந்து ஒரு அம்மா, மகன் ஏற்கெனவே வணிகவியல் எடுத்துவிட்டான், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். கவலை வேண்டாம். காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தில் கூட்டுறவுக்கென்றே தனித் துறை இருக்கிறது. பி.காம். முடித்துவிட்டு இர்மாவுக்கு முயலலாம். மேனேஜுக்கு மட்டும் போக முடியாது.

பின்சேர்க்கை 2: குன்னூரிலிருந்து ஒருவர், தேயிலை வீட்டில் மண்டிச் சீட்டு ஏது என்று எழுதியிருந்தார். உங்களுக்குத் தொழிற்சாலையின் பசுந்தேயிலைப் பட்டியல் இருக்கிறது. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையை ஒரு பக்கத்திலும், உங்களுக்குக் கிடைத்த விலையைப் பக்கத்துக் கட்டத்திலும் எழுதுங்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பசுந்தேயிலை என்று கணக்கு வைத்து, குன்னூர் ஏல விலையை மூன்றாவது கட்டத்தில் சேருங்கள். ஓராண்டுக்கு இப்படி எழுதியபின் முதல் படியிலுள்ள கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.