பாயைச் சுருட்டுவதில் தொடங்கும் தூக்க வைத்தியம்

வாரத்தில் மூன்று ராத்திரியாவது தூக்கம் வரவில்லை, அல்லது நடுவில் விழித்தால் மறுபடி கண் மூடவில்லை, மூன்று மாதமாக இதே கதை, பகல் வேலையும் கெடுகிறது என்றால் அதைத்தான் டாக்டர்கள் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். கல்யாண வீட்டு அலைச்சலில் நாலு நாள் தூக்கம் கெட்டது இதில் சேராது. இதற்கு முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை, உங்கள் குடும்பத்தைத் தெரிந்த தெருமுனை டாக்டரே பார்க்கலாம். ஆனால் தயாராகப் போக வேண்டும். டோக்கன் வாங்கி உட்கார்ந்து கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் "தூக்கம் வரலை டாக்டர்" என்று மட்டும் சொன்னால் மாத்திரைச் சீட்டோடுதான் வெளியே வருவீர்கள். தண்டையார்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு முதலில் போன இடத்தில் அதுதான் நடந்தது.

அதனால் போவதற்கு முன்பு இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தேன், சுமாராக எப்போது தூங்கினேன், எத்தனை முறை விழித்தேன், எப்போது எழுந்தேன், பகலில் தூங்கினேனா, கடைசி டீ எப்போது. காலையில் எழுந்ததும் மனக்கணக்காக எழுதினால் போதும், ராத்திரியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாம். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல டாக்டர் முதலில் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார். குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் உண்டா (இதைப் பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும், அவரையும் கூட்டிப் போங்கள்), ராத்திரியில் காலில் ஏதோ ஊர்வது போலிருந்து ஆட்டினால்தான் அடங்குகிறதா, சுகரால் அடிக்கடி சிறுநீர் போகிறதா, தைராய்டு, நெஞ்செரிச்சல், மூட்டு வலி, மனச்சோர்வு. கால் தொந்தரவு என்றால் இரும்புச்சத்துக்கு ரத்தம் எடுப்பார். பிபிக்காகக் கொடுத்த நீர் மாத்திரையைச் சாயங்காலம் போடுகிறவர்களுக்கு அதைக் காலைக்கு மாற்றினாலே பாதி ராத்திரி மிச்சமாகும். ஒரு கட்டிங் போட்டால்தான் தூக்கம் வருகிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், சாராயம் சீக்கிரம் தூங்க வைத்துவிட்டுப் பின்ராத்திரியில் எழுப்பிவிடும்.

இதெல்லாம் பார்த்தாகிவிட்டது, தூக்கம்தான் பிரச்சினை என்றால் முதல் வைத்தியம் மாத்திரை இல்லை. மனதையும் பழக்கத்தையும் சேர்த்துத் திருத்தும் சிகிச்சையைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற அமெரிக்க டாக்டர்கள் அமைப்பு 2016-லேயே சொல்லிவிட்டது. அதில் வலுவான பகுதி, படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது. இங்கிலாந்தில் 642 பேருக்கு நடந்து 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், நர்ஸ்கள் இதைச் சொல்லிக்கொடுத்தே ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது.

பெரியம்மா கணக்கைச் சொல்கிறேன். தண்ணி லாரிக்காக 4.30-க்கு எழுந்தாக வேண்டும், அதனால் 8.30-க்கே படுத்துவிடுவார். எட்டு மணி நேரம் பாயில், நோட்டுப்படி தூங்கியது ஐந்தரை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் எழும் நேரத்தைத் தொடாமல் படுக்கும் நேரத்தை 11-க்குத் தள்ளினார். பாயில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூங்குகிற வாரம் வந்தால் 15 நிமிடம் முன்னால் படுக்கலாம், அடுத்த வாரம் இன்னொரு 15. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் கொடுமையாகத்தான் இருக்கும், பெரியம்மா உட்கார்ந்த இடத்தில் சாய்ந்தார், ஆனால் அந்த அசதிதான் மருந்து, சேர்ந்த தூக்கம் ராத்திரியில் ஒரே பிடியாக இழுத்துக்கொண்டு போகும்.

கூடவே இன்னொன்று: தூங்க மட்டும்தான் படுக்கை. தூக்கம் வராவிட்டால் படுக்கையறைக்கு வெளியே போங்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள், ஒரே ரூமில் நாலு பேர் படுக்கும் வீட்டில் எங்கே போவது? பாயைத்தான் படுக்கையறையாக நினைக்க வேண்டும். காலையில் எழுந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்துங்கள், பகலில் அதில் உட்கார்ந்து டிவி பார்ப்பது, கணக்கு எழுதுவது எதுவும் கிடையாது. ராத்திரி சுமார் இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வாசற்படிக்கு வந்துவிடுங்கள். பெரியம்மா காய்ந்த துணிகளை மங்கல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக மடிப்பார், கண் சொருகும்போது திரும்பிப் போய்ப் படுப்பார். போன் வேண்டாம். டீயில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆறு மணி டீயை விடத்தான் வேண்டும்.

இப்படிப் படுக்கும் நேரத்தைக் குறைப்பதைச் சிலர் தாங்களாகவே தொடங்கக் கூடாது. எண்ணூர் ஹைரோட்டில் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர், காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர், ஹார்பரில் கிரேன் இயக்குபவர், வலிப்பு அல்லது இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவர், நடையில் தடுமாறும் பெரியவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மாத்திரை ஒரேயடியாகக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சாவு, விபத்து மாதிரி நேரத்தில் சில நாளுக்கு டாக்டர் கொடுக்கலாம். அல்பிரசோலம், சோல்பிடம் இரண்டும் எச்1 என்ற அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை, சீட்டில்லாமல் விற்கக் கூடாது, கடைக்காரர் விற்றதைப் பதிவு செய்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிப் போடாதீர்கள். மாதக்கணக்கில் போட்டுப் பழகியிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரை போகும். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருவார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நோட்டோடு போய்க் காட்டுங்கள். இரண்டு மாதத்தில் மாற்றமே இல்லை, அல்லது மூச்சுத் திணறல் சந்தேகம் என்றால் ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரக் கேளுங்கள். ராத்திரி விழித்துக் கிடக்கும்போது வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் அடுத்த டோக்கன் வரை காத்திருக்க வேண்டாம், வீட்டில் ஒருவரை எழுப்புங்கள், அரசின் மனநல உதவி எண் 14416-க்கு உடனே போன் செய்யுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.