தண்ணி இழுக்காத மோட்டர்: ஒழுகாத இடத்தில்தான் ஓட்டை

கிளிநொச்சியில் வீட்டுக் கிணற்று மோட்டர் (அரைக் குதிரை வலு) ஆவணி வெயிலில் மக்கர் பண்ணத் தொடங்கியது. தண்ணி நிரப்பிப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும். பிறகு விட்டுவிட்டுக் காற்றோடு துப்பி, வெறுஞ்சத்தம் மட்டும்.

முதலில் புட்வால்வை (பைப்பின் அடியில் தண்ணி திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு) மாற்றினேன். பலனில்லை. மோட்டர் முழு வேகத்தில் சுத்துவதால் கெப்பாசிட்டரிலும் (மோட்டரைச் சுத்தத் தொடக்கிவிடும் பாகம்) வோல்டேஜிலும் பிழையில்லை. பம்பின் சீலும் ஒழுகவில்லை. பைப் முழுக்கத் தடவிப் பார்த்தேன், எங்கும் ஈரமே இல்லை.

அதுதான் சூட்சுமம். உறிஞ்சும் பக்கத்துப் பைப்பில் ஓட்டை இருந்தால் மோட்டர் ஓடும்போது தண்ணி வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். மாரியில் கிணறு நிரம்பியிருக்கும்போது தெரியாது. நீர்மட்டம் இறங்க இறங்க இழுவை கூடித்தான் காட்டிக்கொடுக்கும். (25 அடிக்குக் கீழே போனால் ஓட்டை இல்லாவிட்டாலும் இந்த வகைப் பம்ப் திணறும்.)

மோட்டரை ஓடவிட்டு, வயர்ப்பெட்டியில் படாமல், சவர்க்கார நுரையை ஒவ்வொரு மூட்டிலும் தடிப்பாகப் பூசினேன். கிணற்றுக் கட்டுக்கு மேலிருந்த யூனியனில் (கழற்றிப் பூட்டக்கூடிய பைப் மூட்டு) மட்டும் நுரை உள்ளே இழுபட்டது. கழற்றினால் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. அதே அளவில் புது வளையம் போட்டு, பக்கத்து மரைக்கும் திரெட் டேப் சுற்றினேன். இறுக்கும் திசையிலேயே சுற்றவேண்டும், மாறினால் உரிந்துவிடும். யூனியனுக்கு மேல் இப்போது ஒரு பழைய சாக்கு கிடக்கிறது.