ஏசிஎல் ஆபரேஷன்: துளை விழும் இடமும் ஒன்பது மாதப் பொறுமையும்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத் திடலில் பந்து விளையாடி முட்டி திரும்பியவர்கள் நிறைய பேர். என் தம்பியும் அதில் ஒருவன், அவனுக்கு இரண்டு தடவை ஆபரேஷன். முதல் தடவை நாங்கள் எதையும் கேட்கவில்லை. நீங்கள் கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் நார்தான் ஏசிஎல். அது முழுதாக அறுந்தால் பெரும்பாலும் அதையே தைத்து ஒட்டுவதில்லை. பின்தொடையிலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ வேறொரு நாரை எடுத்து, தொடை எலும்பில் ஒரு துளை, கீழ்க்கால் எலும்பில் ஒரு துளை போட்டு, உள்ளே இழுத்து, பட்டனோ ஸ்குருவோ வைத்து இறுக்குவார்கள். டனல் என்று டாக்டர் சொல்வது இந்தத் துளையைத்தான். அகலம் நாரின் தடிமனைப் பொறுத்தது, பெரும்பாலும் 7 முதல் 10 மில்லிமீட்டர்.

அது எங்கே விழுகிறது என்பதுதான் பெரிய விஷயம். தொடை எலும்பில் முன்னால் தள்ளி விழுந்தால் முட்டியை மடக்கும்போது நார் விறைக்கும், சரியாக மடக்க வராது, இல்லையென்றால் நார் இழுபட்டு நாளடைவில் தொய்ந்துவிடும். ரொம்ப உயரத்தில் விழுந்தால் நார் செங்குத்தாக நிற்கும். கால் முன்னால் நழுவாது, ஆனால் உடம்பைத் திருப்பினால் முட்டி விலகும். தம்பிக்கு நடந்தது இதுதான். கீழ் எலும்பில் முன்னால் விழுந்தாலோ, காலை நீட்டும்போது நார் மேலே எலும்பில் இடிக்கும்.

முன்பு கீழ்த் துளைக்குள்ளேயே டிரில்லை விட்டு மேல் துளையையும் போடுவது வழக்கம், அதில் மேல் துளை உயரமாகப் போய்விட வாய்ப்பு அதிகம். இப்போது பலர் முட்டியை 110, 120 பாகைக்கு மடக்கி, முன்பக்கத்தில் உள்பக்கமாகத் தனி வழி எடுத்துப் போடுகிறார்கள். அதனால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "மேல் துளை பழைய நார் ஒட்டியிருந்த இடத்தில்தானே வரும்?" ஆபரேஷன் முடிந்ததும் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் கால் முழுதாக நீளுவதுதான் முதல் வேலை. குதிகாலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, முட்டி தானாகத் தாழட்டும், ஒரு நாளில் பல தடவை. முட்டிக்குக் கீழே தலையணை வைத்துத் தூங்காதீர்கள், சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கியே நின்றுவிடும். தொடையை இறுக்கி விடும் பயிற்சியைப் படுத்தபடியே செய்யலாம். லயத்து வீடுகளில் குந்தும் கழிவறைதான் இருக்கும், ஆபரேஷனுக்கு முன்பே அதன்மேல் வைக்க ஒரு கழிவறை நாற்காலி ஏற்பாடு செய்துவிடுங்கள். முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் சவ்வையும் (மெனிஸ்கஸ்) சேர்த்துத் தைத்திருந்தால் கால் ஊன்றுவதற்கும் மடக்குவதற்கும் டாக்டர் தனிக் கணக்கு சொல்வார், அதை மீறாதீர்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஏமாற்றும் காலம் வரும். ஆறாவது வாரத்திலிருந்து வலி குறையும், வீக்கம் வற்றும், நன்றாக நடப்பீர்கள். ஆனால் உள்ளே வைத்த நாருக்கு அப்போது ரத்த ஓட்டம் சரியாக வந்திருக்காது, பழைய செல்கள் செத்துப் புதியவை வரும் சமயம், நார் வலுவிழந்து இருக்கும். துளைக்குள் எலும்போடு அது பிடித்துக்கொள்ளவே 8 முதல் 12 வாரம் ஆகும். தம்பி நான்காம் மாதம் ஃபுட்சாலுக்குப் போனான், மறுபடி அறுந்தது. துளையும் தப்பு, அவசரமும் தப்பு, இரண்டும் சேர்ந்துகொண்டன.

ஓட்டம் என்பது மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு, அதுவும் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் சரி சொன்னால்தான். பந்து விளையாட்டுக்கு ஒன்பது மாதமாவது வேண்டும், தொடை பலம் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது திரும்பியிருக்க வேண்டும். செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டுச் சரிவில் குலை தூக்குபவர்கள் அதையும் விளையாட்டு மாதிரியே எண்ணிக்கொள்ளுங்கள், ஈர மண்ணில் கால் வழுக்கித் திரும்பினால் நாருக்கு இரண்டும் ஒன்றுதான். வேலையிலோ வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்டிருந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்கு உடனே தகவல் கொடுத்து, டாக்டர் கொடுக்கும் எம்.சி. (மருத்துவ விடுப்பு) தாள்களையெல்லாம் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.