வெப்பமண்டல நாட்டுக்கு முதல் பயணமா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வெப்பமண்டல நாட்டுக்கு முதன்முறையாகக் கிளம்புகிறவர்களுக்குப் பாம்பு, தேள், காட்டு விலங்கு என்றுதான் பயம் இருக்கும். ஆனால் பயணத்தைப் பாதியில் முடித்துவைப்பது பெரும்பாலும் கொசு, வெயில், தண்ணீர் இந்த மூன்றும்தான்.

முதல் தவறு, தடுப்பூசியைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுவது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். முந்தின நாள் போட்டுக்கொண்டு விமானம் ஏறினால் பயனில்லை. முன்பே போட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகிறது. 4 முதல் 6 வாரம் முன்னதாகவே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, இறங்கிய அன்றே ஊர் சுற்றக் கிளம்புவது. வெப்பத்துக்குப் பழக உடலுக்கு 1 முதல் 2 வாரம் ஆகும். அங்கே வெயிலைவிட ஈரப்பதம்தான் ஆளை வாட்டும். வியர்வை கொட்டும், ஆனால் காயாது. காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. முதல் சில நாட்கள் நடுப்பகலில் நிழலில் இருங்கள், அலைச்சலைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கூட வந்தவர் உடல் கொதிக்க, பேச்சுக் குழறி, இடம் தெரியாமல் தடுமாறினால் அது வெறும் களைப்பு அல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் தோல் கருகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கொசு விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இரவில் வலை கட்டிப் படுத்தால் போதும் என்ற நினைப்பு. மலேரியா பரப்பும் அனோபிலிஸ் கொசுவுக்கு அது சரி. அது அந்தி முதல் விடியும் வரை கடிக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது, காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம். இரவெல்லாம் வலைக்குள் பத்திரமாக இருந்துவிட்டு, காலையில் அரைக்கால் சட்டையோடு தோட்டத்தில் காபி குடிக்க உட்காருகிறவரின் கணுக்கால்தான் அதற்கு வாகான இடம். முழுக்கை, முழுக்கால் மெல்லிய பருத்தி உடை எடுத்துப் போங்கள். டீட் (DEET) என்ற கொசு விரட்டும் வேதிப்பொருள் 20 முதல் 30 விழுக்காடு உள்ள கொசு விரட்டி நன்றாக வேலை செய்யும். முதலில் சன்ஸ்கிரீன், அது ஊறியதும் அதன் மேல் கொசு விரட்டி, மாற்றிப் பூசாதீர்கள்.

தண்ணீரைப் பாட்டிலில் வாங்கிக் குடிப்பவர்கள்கூடப் பழச்சாற்றில் மிதக்கும் ஐஸைக் கேள்வி கேட்பதில்லை. அந்த ஐஸ் எந்தத் தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீரே நல்லது. வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஓஆர்எஸ் பொட்டலம் கைவசம் இருக்கட்டும். கிடைக்கவில்லையா? சுத்தமான 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போட்டுக் கலக்குங்கள். உப்பு மட்டும் கூடிவிடக் கூடாது.

நாயோ குரங்கோ கடித்தால், லேசாகப் பிறாண்டியிருந்தாலும் சரி, ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ரேபிஸ் நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போய்விடுங்கள்.

காய்ச்சல் என்றதும் கையில் கிடைத்த வலி மாத்திரையைப் போடுவதும் ஆபத்து. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் இப்யூபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும் போதும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, ‘நான் பிறந்ததே வெப்ப நாட்டில்தான், எனக்கு ஒன்றும் ஆகாது’ என்ற துணிச்சல். மலேரியாவுக்கு எதிராக உடல் சேர்த்துவைத்த ஓரளவு எதிர்ப்பும், சில ஆண்டுகள் வெளியே வாழ்ந்தால் கரைந்துபோகும். அதனால் மருத்துவர் தடுப்பு மாத்திரை எழுதினால் வெப்ப நாட்டில் பிறந்தவர்களும் சாப்பிட வேண்டும். வீடு திரும்பியதும் ‘அதான் வந்தாச்சே’ என்று நிறுத்தவும் கூடாது. கிருமி கல்லீரலில் தங்கியிருந்து, அப்புறம்தான் ரத்தத்துக்கு வருகிறது. மாத்திரையைப் பொறுத்து இன்னும் 1 வாரமோ 4 வாரமோ தொடர வேண்டியிருக்கும். திரும்பி வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் எந்த நாட்டுக்குப் போயிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனையை அன்றே செய்யச் சொல்லிக் கேளுங்கள்.